மேடையை உடைக்காதீர்கள்

போன ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி சாரல் தென்காசித் தெருக்கள் வரை வந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எங்கள் வீட்டு அடுக்களையைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டது. எழுதியவர் அக்காவின் கணவர்.

"இந்தக் கடப்பாக் கல்லை எடுத்துட்டு குவார்ட்ஸ் போட்டுரலாம் மாப்ள. வெள்ளையா, பளிச்சுனு இருக்கும். இது பாக்கவே பழைய மெஸ் மாதிரி இருக்கு."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. அவர் கிளம்பிப் போனதும் என்னிடம் கேட்டாள்: "ஏல, அந்தக் கல்லு யாரை என்ன செஞ்சுது?"

1994இல் போட்ட மேடை அது. முப்பது வருடங்களாக அதன்மீது மாவு தேய்த்திருக்கிறார்கள், மீன் ஆய்ந்திருக்கிறார்கள், புளி கரைத்திருக்கிறார்கள், இறக்கி வைக்க இடமில்லாதபோது கொதிக்கும் குக்கரை அப்படியே வைத்திருக்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் கன்னங்கரேலென்றும், தொட்டிப் பக்கம் சாம்பல் வெளுப்பாகவும் இருக்கும். ஓரத்தில் ஒரு இடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. அது என் கைங்கரியம், தேங்காய் உடைத்தது. இதைத் தவிர அந்தக் கல்மீது வைக்க வேறு குற்றச்சாட்டு கிடையாது.

இந்தக் கட்டுரை அத்தானுக்கு எதிரானது அல்ல. அவர் சொன்னதைத்தான் இன்று ஊரே சொல்கிறது. நடுத்தர வர்க்கத்தின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதல் கடப்பாரை விழுவது அடுக்களை மேடையில்தான். இதை நான் தவறு என்கிறேன். ரசனை சார்ந்த தவறாக மட்டும் இருந்தால் எழுத வேண்டியதில்லை. நம் வீட்டில் இருப்பது என்ன கல் என்று தெரியாமல் உடைக்கிறோம், அதற்குப் பதிலாக வாங்குவது என்ன என்று தெரியாமல் வாங்குகிறோம், அதை அறுப்பவனின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று தெரியாமல் கூலி கொடுக்கிறோம். இந்த மூன்று அறியாமைகளும் ஒரே அறியாமைதான்.

*

அத்தானின் வற்புறுத்தலில் ஒரு கல் கடைக்குப் போனோம். வரிசையாகச் சாய்த்து வைத்த ஸ்லாப்புகள். வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெறித்த ஒரு கல்லைக் காட்டி இது என்ன என்றேன்.

"காஷ்மீர் வொய்ட் சார். நல்லா போகுது."

"எங்கேருந்து வருது?"

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பேர்லயே இருக்கே சார்."

காஷ்மீர் வொய்ட் காஷ்மீரிலிருந்து வருவதில்லை. மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்து மலைகளிலிருந்து வருகிறது. தென்காசியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் என்ற கனிமம். பாறையியல்படி அது கிரானைட்கூட அல்ல, பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை.

கல் வணிகத்தில் 'கிரானைட்' என்பது பாறையின் பெயர் அல்ல. கடினமாக இருந்து, பளபளப்பு ஏறும் எதற்கும் அதுதான் பெயர். வீடு வீடாகக் கிடக்கும் கறுப்பு 'கிரானைட்' பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ வகை. பொன் துகள் மின்னும் பிளாக் கேலக்ஸி ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் வெட்டப்படுவது, அதுவும் காப்ரோ குடும்பம். அலை அலையாகக் கோலம் ஓடும் பாரடைஸோ கிருஷ்ணகிரிப் பக்கத்து உருமாறிய பாறை. கடப்பாக் கல்லோ ஆந்திராவின் கடப்பா, கர்னூல் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். அதற்கும் கிரானைட்டுக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை.

'பேர் என்னவா இருந்தா என்ன, மேடைதானே' என்று கேட்பவர்களுக்குப் பதில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை அமிலம் தின்னும், டோலரைட்டை எலுமிச்சையும் புளியும் ஒன்றும் செய்யாது. காஷ்மீர் வொய்ட் தண்ணீரை உறிஞ்சும், தொட்டி ஓரத்தில் எப்போதும் ஈரம் நின்றால் உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பழுப்பாக வெளியே வரும். கறுப்புக் கல்லில் அந்தக் கவலை இல்லை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு விஷம். நோயாளி யாரென்றே தெரியாமல் மருந்து எழுதும் டாக்டரிடம் நாம் போவோமா? மேடைக்கு மட்டும் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

*

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வுக்கூடம் வேண்டாம். நான்கு சோதனைகள் போதும். எல்லாவற்றையும் அடுப்புக்கு அடியிலோ, ஒரு மூலையிலோ செய்யுங்கள்.

முதலாவது, எலுமிச்சை. ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் பளபளப்பு இழந்து மங்கிப்போனால் அது சுண்ணாம்பு வகை. கடப்பா, மார்பிள் எல்லாம் இதில் வரும். ஒன்றும் ஆகவில்லை என்றால் சிலிக்கேட் வகை, கடைக்காரர் மொழியில் கிரானைட்.

இரண்டாவது, கத்தி முனை. சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 3. எஃகுக் கத்தி 5½ அளவில். ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. ஆகவே கத்தி கடப்பாவில் கோடு போடும். நல்ல சிலிக்கேட் கல்லிலோ, கத்தியின் இரும்புதான் பென்சில் கோடு மாதிரி கல்லில் ஒட்டும், துடைத்தால் போய்விடும்.

மூன்றாவது, தண்ணீர். நான்கைந்து சொட்டு விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் அந்த இடம் கறுத்தால் கல் உறிஞ்சுகிறது, சீலர் தேவை. கால் மணி நேரம் ஆகியும் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் சீலர் வேண்டாம். இதைச் சொல்லக் காரணம் உண்டு. அடர்ந்த கறுப்புக் கல்லுக்கும் வருடாவருடம் சீலர் அடிக்க ஆள் வருகிறார்கள். கல்லுக்குள் இறங்க இடமில்லாத சீலர் மேலேயே காய்ந்து புகை படிந்த மாதிரி மங்கலாகும். அதை எடுக்க அவர்களே திரும்ப வருவார்கள், இன்னொரு பில்லோடு.

நான்காவது, கறுப்புக் கல் வாங்கும்போது மட்டும். வெள்ளைப் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுக் கல்லைத் தேயுங்கள். பஞ்சில் கறுப்பு ஏறினால் அது சாயம் பூசிய சாம்பல் கல். இரண்டு வருடத்தில் சாயம் போய், தோலில் தேமல் விழுந்த மாதிரி ஆகும். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், சென்னையில் ஒரு வீட்டுக்கு அப்படியொரு கல்லை 'பியூர் பிளாக்' என்று காசு கொடுத்து வாங்கியவன் நான். நான்கு வருடம் எஞ்சினியரிங் படித்து, ஒரு எலக்ட்ரான் எந்தப் பக்கம் போகும் என்று பரீட்சை எழுதினேன். கால் வைத்து நிற்கும் பாறை எது என்று ஒரு ஆசிரியரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இத்தனைக்கும் நாம் பிறந்தது எங்கே? குற்றால மலையடிவாரத்தில். பேரருவியின் பாறைமுகத்தில் லிங்கம் லிங்கமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள், நூற்றாண்டுகளாகத் தண்ணீர் அடித்தும் நிற்கிறது. இந்த மலைத்தொடரில் அதிகம் கிடைக்கும் சார்னோகைட் என்ற பாறைவகை அறிவியலுக்கு அறிமுகமானதே தமிழ்நாட்டில்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக் கல், பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். நம் கல்லுக்குக் கல்லறைக்காரர் பெயர், மேலூர் கல்லுக்குக் காஷ்மீர் பெயர். பெயர் வைக்கும் வேலையை நாம் எப்போதுமே அடுத்தவரிடம் விட்டுவிடுகிறோம்.

*

இனி பராமரிப்பு. இதற்கென்று கடையில் விற்கும் பாட்டில்களில் பாதி தேவையில்லாதவை.

கடப்பா என்றால் அமிலத்தைத் தள்ளி வையுங்கள். புளித்தண்ணீர், தயிர், எலுமிச்சை, தக்காளி சிந்தினால் உடனே துடையுங்கள், அவ்வளவுதான். வினிகர் ஊற்றித் துடைக்கச் சொல்லும் யூடியூப் அறிவுரை இந்தக் கல்லுக்கு அல்ல. பாத்ரூம் ஆசிட்டை எந்தக் கல்மீதும் ஊற்றாதீர்கள். துருக்கறை நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும், அது கிரானைட்டையே அரிக்கும். கை தோலுக்கு அதைவிட ஆபத்து.

வெள்ளை வெள்ளையாக வட்டம் படிந்தால் எல்லாரும் கல் கெட்டுவிட்டது என்கிறார்கள். போர் தண்ணி புழங்கும் வீடுகளில் பெரும்பாலும் அது தண்ணீரின் உப்புப் படிவு. கிரானைட் வகை என்றால் பழைய பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் வந்துவிடும்.

மஞ்சள் கறையில் சோப்பு போட்டதும் அது சிவப்பாக மாறி வீடே பதறும். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், குங்குமம் செய்வதே அந்த ரசாயனத்தில்தான். பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறத்தை வெயில் தின்றுவிடும். ஜன்னலோர மேடை என்றால் சில நாளில் தானே போகும். இல்லையென்றால் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். எண்ணெய்க் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து இட்லி மாவுப் பதத்தில் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் எடுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகும்.

தினசரிக்கு? பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, தண்ணீர், பருத்தித் துணி. கடைசியில் உலரத் துடைப்பது. அம்மா முப்பது வருடமாகச் செய்துவந்ததும் இதுதான். அவளுக்கு மோஸ் அளவுகோல் தெரியாது. "புளி பட்டா வெளுக்கும்ல, தொடச்சுரணும்" என்பது மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

*

இதற்கு மூன்று மறுப்புகளை நான் அடிக்கடி கேட்கிறேன்.

"குவார்ட்ஸ் போட்டா இந்த அக்கப்போரே இல்ல." பாதி உண்மை. குவார்ட்ஸ் மேடையில் கறை இறங்காது, சீலர் தேவையில்லை. ஆனால் அது கல்லை அரைத்துப் பிசினில் குழைத்து அச்சிட்ட பலகை. கொதிக்கும் குக்கரை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தழும்பாகும், அந்தத் தழும்பு போகாது. கடப்பா கோபப்பட்டால் தேய்த்துச் சமாதானப்படுத்தலாம். இதற்குச் சமாதானமே கிடையாது.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் தூசி. குவார்ட்ஸ் பலகைகள் பலவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் படிகச் சிலிக்கா. கிரானைட்டில் பெரும்பாலும் 20 முதல் 40 சதவீதம். கடப்பாவிலும் கறுப்பு டோலரைட்டிலும் அதைவிட மிகக் குறைவு. அறுக்கும்போது பறக்கும் நுண்தூள், கண்ணுக்கே தெரியாத அளவில், நுரையீரலின் அடி வரை போய்த் தங்குகிறது. அதைச் சுற்றி நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. இஸ்ரேல், ஸ்பெயின், கலிஃபோர்னியா என்று எங்கெல்லாம் இந்த மேடை பிரபலமானதோ அங்கெல்லாம் முப்பது நாற்பது வயது கல் அறுப்பவர்கள் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆஸ்திரேலியா 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிப்பதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு.

இங்கே? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சிலிகோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் உங்கள் வீட்டு முற்றம் தொழிற்சாலை அல்லவே. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குக் கல் அறுக்க வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கட்டிங் மெஷினைக் கையில் பிடித்து உலர் அறுப்பு. வெள்ளைப் புகைக்குள் ஆளே தெரியவில்லை. மூக்கில் கட்டியிருந்தது கர்ச்சீப்.

"தண்ணி விட்டு அறுக்கலாம்லா தம்பி?" என்றேன்.

"வீட்டுக்காரங்க சேறாகும்னு திட்டுதாங்க அண்ணாச்சி."

இந்த வாக்கியத்தை நான் மறக்க மாட்டேன். முற்றம் சேறாகக்கூடாது என்பதற்காக ஒருவனின் நெஞ்சு கல்லாகலாம் என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். இதைத் தெரிந்து செய்தால் கொடூரம். தெரியாமல் செய்கிறோம் என்பதால் குற்றம் குறைந்துவிடாது, ஏனென்றால் தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமல்ல.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். "இயற்கைக் கல் மட்டும் யோக்கியமா? மலையை உடைச்சுத்தானே அதுவும்?" இதை நான் மறுக்கவில்லை. மேலூரில் என்ன நடந்தது என்று நாடறியும். 2012இல் மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், சட்டவிரோத கிரானைட் வெட்டினால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அனுப்பினார். சமணப் படுக்கைகள் இருக்கும் கீழவளவைச் சுற்றியே மலைகள் கேக் துண்டு போல வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. நம் பக்கத்திலும் அதே கதைதான், இங்கே ஸ்லாப் அல்ல, ஜல்லியும் எம்-சாண்டும். ராத்திரி புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போகும் டாரஸ் லாரிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் போவது நம் மலை.

ஆகவேதான் சொல்கிறேன், குவார்ட்ஸுக்குப் பதில் புதுக் கிரானைட் வாங்குங்கள் என்பது என் வாதம் அல்ல. இருக்கும் மேடையை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் வாதம். அந்தக் கல்லுக்கான மலை ஏற்கெனவே உடைந்துவிட்டது. அதை அறுத்த தூசி எவனோ ஒருவனின் நெஞ்சுக்குள் ஏற்கெனவே போய்விட்டது. அதைக் குப்பை லாரியில் ஏற்றுவது இரண்டையும் இன்னொரு முறை செய்யச் சொல்லி ஆர்டர் கொடுப்பது.

மூன்றாவது: "எல்லாரும் மாத்தாம இருந்தா கல் வேலை செய்யறவன் என்ன சாப்பிடுவான்?" நியாயமான கேள்வி. என் சிறுவயதில் 'அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ' என்று தெருவில் குரல் வரும். தேய்ந்து வழவழத்த அம்மியை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மி தேய்ந்தால் புது அம்மி வாங்கு என்று யாரும் சொல்லவில்லை. பராமரிப்பு என்பதே ஒரு பிழைப்பாக இருந்தது. பாலிஷ் போடுவது, இணைப்பில் விரிசல் அடைப்பது, தொட்டி ஓரம் கசிவை நிறுத்துவது, எல்லாமே கைத்தொழில்தான். அதற்குக் கூலி கொடுக்க நமக்குத்தான் மனசில்லை. புதுக் கல்லுக்கு ஒரு லட்சம் தருவோம், பழைய கல்லைத் தேய்க்க வந்தவரிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவோம்.

என் தொழிலிலும் இதே வியாதிதான். பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதலாம் என்று கூட்டத்தில் சத்தமாகச் சொல்பவன் பெரும்பாலும் அதை வாசிக்காதவன். வாசித்தவனுக்கு எந்த வரி எதற்காக இருக்கிறது என்று தெரியும். அவன் இரண்டு வரியைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போவான், அவனுக்குக் கைதட்டல் கிடைக்காது.

கட்டியவனைக் கொண்டாடி, காப்பவனை மறக்கும் வழக்கத்துக்கு மாற்று, நம் ஊர் நடுவிலேயே கல்லில் இருக்கிறது. தென்காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு, 'நான் கட்டினேன்' என்ற பெருமையோடு நிற்கவில்லை. இந்தக் கோயிலுக்கு ஏதேனும் பழுது வந்தால் அதை நீக்கிக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை நான் பணிகிறேன் என்கிறது. ராஜா பணிகிறேன் என்கிறார், இனிமேல் பிறக்கப்போகும் யாரோ ஒரு பராமரிப்பாளனை. கோபுரம் இடிந்து தலைமுறைக்கணக்காக மொட்டையாக நின்று, 1990இல் மறுபடி எழுந்தது. அந்தப் பணிவுக்கு ஊர் கொடுத்த பதில் அது.

*

எங்கள் மேடைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். உடைக்கவில்லை. பாலிஷ் போடும் ஒருவரைப் பிடித்தேன். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், சேறானால் நாங்கள் கழுவிக்கொள்கிறோம் என்று முதலிலேயே பேசிவிட்டேன். இரண்டு நாள் வேலை. அடுக்களை முழுக்கக் கறுப்புச் சேறு. அம்மா அந்த இரண்டு நாளும் பின்கட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தாள். வெளுத்த இடமும் கறுத்த இடமும் ஏறத்தாழ ஒரே நிறத்துக்கு வந்தன. தொட்டி ஓர இணைப்பை அடைத்தார். நான் பெயர்த்த சில்லை நிரப்பட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள் அம்மா. புதுக் கல்லுக்கு ஆகியிருக்கும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, பேரம் பேசாமலே.

அடுத்த மாதம் அத்தான் வந்தார். மேடையைத் தடவிப் பார்த்தார். "புதுசு மாதிரி இருக்கே மாப்ள. என்ன கல்லு இது?"

சொன்னேன். அவர் வீட்டிலும் இப்போது குவார்ட்ஸ் பேச்சு கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. இன்று ராத்திரி பாத்திரமெல்லாம் ஒழிந்தபிறகு உங்கள் மேடையில் நான்கு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அடுப்பை நகர்த்தி ஒரு சொட்டு எலுமிச்சை விடுங்கள். அது என்ன கல் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் உடைக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், வீட்டுக்கு அறுக்க வரும் பையனிடம் முற்றம் சேறானாலும் பரவாயில்லை என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.